அறுநூற்றுப் பதினொரு புத்தகங்களுக்கு உடையவர்

கபீகஜை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு மாசி மாதத்துச் சனிக்கிழமை, மதியச் சோற்றுக்குச் சற்று முன்னால். கிதாப்கானாவின் வடக்கு ஜன்னலோரம் தன் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் இருந்த கிண்ணத்திலிருந்து மைதாப் பசையை விரலால் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, இடது கையின் மேல் ஊர்ந்த இரண்டு கட்டெறும்புகளை, வெகுநாள் கழித்து ஊருக்கு வந்த பிள்ளைகளைப் பார்ப்பவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயருக்கு எதிரே அப்போது ஒரே ஒரு புத்தகம்தான் பாக்கி இருந்தது. அதை அழிக்க வேண்டியவன் நான்.

எங்கள் ஊர் ஆற்காட்டுக்கு மேற்கே பாலாற்றங்கரையில், தோல் ஷெட்டுகளுக்கும் மாந்தோப்புகளுக்கும் நடுவில் இருக்கிறது. பள்ளிவாசலுக்குப் பின்புறம் உள்ள கிதாப்கானாவில் நவாபு காலத்துப் பாரசீகப் புத்தகங்கள் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு உண்டு. அந்த நூலகத்தில் நான் முப்பத்தொரு வருஷம் பைண்டராக இருந்தேன். பாரசீகம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதுகுத் தோலில் பெயர்ச்சீட்டு ஒட்டி ஒட்டியே எழுத்து பிடிபட்டது. பெயர் என்றால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன், வாக்கியம் என்றால் ஓசை வரும், பொருள் வராது.

என் மனைவி பூங்காவனம் தையல்காரி. ஊரில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தவள். அவள் போய் நாலு வருஷமான பிறகு என்னிடம் அவள் கையெழுத்தில் மிஞ்சியிருந்தது ஒரு நீண்ட நோட்டு, பெண்களின் அளவுகளை எழுதி வைத்த நோட்டு. மரப்பெட்டிக்குள் இருந்த அதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் கரையான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. வேப்பிலை போட்டேன், மண்ணெண்ணெய் துடைத்தேன், பெட்டியை மாற்றினேன், கரையானும் கூடவே மாறி வந்தது. ஊர்ப் புத்தகங்களையெல்லாம் காப்பாற்றத் தெரிந்த எனக்கு வீட்டில் இருந்த ஒன்றைக் காப்பாற்றத் தெரியவில்லை.

அந்த வருஷம் சித்திரையில் மெஹருன்னிஸா டீச்சர் வந்தார். கல்லூரியில் பாரசீகம் நடத்தியவர். பிள்ளைகள் சேராமல் வகுப்பை மூடிவிட, எங்கள் பழைய நூற்பட்டியலைப் புது முறைக்கு மாற்றும் வேலையை ஒரு வருஷத்துக்கு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பழைய பட்டியல் என்பது மர இழுப்பறைகளில் அடுக்கிய அட்டைகள்; அறுபது எழுபது வருஷத்துக்கு முன் ஒரு முன்ஷி எழுதியவை. அவர் ஒவ்வொரு அட்டையிலும் கையில் இருந்த புத்தகத்தை மட்டும் எழுதியிருந்தார்: எத்தனை ஏடு, என்ன மை, எங்கே கறை, எங்கே பூச்சி அரித்த ஓட்டை. அடுத்த அலமாரியில் அதே நூல் இன்னொருவர் கையால் எழுதப்பட்டு நிற்கிறது என்று எந்த அட்டையும் சொல்லாது. ஒரே கவிஞர் ஓர் அட்டையில் தகப்பன் பெயராலும், ஓர் அட்டையில் ஊர்ப் பெயராலும், ஓர் அட்டையில் புனைபெயராலும் மூன்று ஆட்களாக நின்றுகொண்டிருந்தார்.

"புது முறையில ஒரு புத்தகத்துக்கு நாலு படி, அண்ணா" என்று டீச்சர் எனக்குச் சொன்னார். "மனசுல பிறந்த படைப்பு. அது எடுத்துக்கிட்ட மொழி. அது அச்சாவோ ஏடாவோ வந்த பதிப்பு. கடைசியில நம்ம கையில இருக்கிற பிரதி. சுத்தி ஆட்கள் இருக்காங்க. எழுதினவர், மொழிபெயர்த்தவர், படியெடுத்தவர், உடையவர். ஒரு ஆளுக்கு ஒரே பதிவு. தனித்தனியா சிதறிக் கெடக்கிறவங்களை ஒண்ணு சேர்க்கிறதுதான் வேலை."

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. படைப்பு, மொழி, பதிப்பு மூன்றையும் அவர் பார்த்துக்கொண்டார். பிரதியை எனக்கு விட்டார். முதல் ஏட்டின் மேல் ஓரத்தில் யார் பெயர் இருந்தாலும் அதை உடையவர் என்ற கட்டத்தில் போடச் சொன்னார், ஏனென்றால் அந்தக் காலத்தில் புத்தகத்துக்குச் சொந்தக்காரர்கள் அங்கேதான் தங்கள் பெயரை எழுதி வைப்பார்கள். சித்திரை, வைகாசி, ஆனி என்று மூன்று மாதம் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டி, பெயர்களைப் போட்டேன். அவற்றில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. கபீகஜ். அலமாரி அலமாரியாக அதே பெயர். பெரிய பணக்காரராக இருந்திருப்பார் என்று நினைத்து, ஒரு ஆளுக்கு ஒரே பதிவு என்ற விதிப்படி அறுநூற்றுப் பதினொரு புத்தகங்களையும் அந்த ஒருவர் பெயரிலேயே சேர்த்தேன். பிறந்த தேதி, இறந்த தேதி என்ற கட்டங்களுக்கு என்னிடம் ஒன்றும் இல்லாததால் காலியாக விட்டேன். இறந்த தேதி இல்லாதவர் உயிரோடு இருக்கிறார் என்று அந்த முறையில் அர்த்தம் என்பது எனக்குத் தெரியாது.

ஆடி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, கிதாப்கானா திறந்து அரைமணி கழித்து, அவர் வந்தார். வறண்ட ஆற்று மணலைக் கடந்து நடந்தே வந்திருந்தார். ஒல்லியான ஆள், முழங்கால் வரை பழுப்பு நிற ஷெர்வானி, கசக்கிய பச்சிலையின் வாசனை. வருகைப் பதிவேட்டில் கபீகஜ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, "என் புத்தகங்க இங்கேதானே இருக்குது?" என்று கேட்டார்.

டீச்சர் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு புத்தகத்தை எடுத்து முதல் ஏட்டைத் திறந்தார். பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் அப்படியே. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, உடையவர் கட்டத்துல யாரைப் போட்டீங்க?"

சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது புத்தகத்துக்குச் சொந்தக்காரர் பெயர் இல்லை, பூச்சிகளுக்கு ராஜாவின் பெயர், பூச்சி நெருங்காத ஒரு பச்சிலைக்கும் அதே பெயர் என்றார். படியெடுத்தவர்கள் முதல் ஏட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுதி வைப்பார்கள், கரையானும் ராமபாணப் பூச்சியும் வந்து தங்கள் ராஜாவின் பெயரைப் பார்த்துவிட்டு மரியாதையாக விலகிப் போய்விடும் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை.

"இப்ப என்னம்மா செய்றது?"

"வந்துட்டாரே" என்றார் டீச்சர். "டீ சொல்லுங்க."

வந்தவர் டீ குடிக்கவில்லை. பள்ளிவாசல் முனையில் கடை வைத்திருக்கும் கவுஸ் பாய் பிஸ்கட் கொடுத்துப் பார்த்தார், மக்கன் பேடா கொடுத்துப் பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி கொடுத்துப் பார்த்தார், ஒன்றையும் அவர் தொடவில்லை. பிறகு நான் பூச்சி அண்டாமலிருக்க மயில்துத்தம் கலந்து பைண்டிங்குக்குக் காய்ச்சி வைத்திருந்த மைதாப் பசையை முகர்ந்து பார்த்து, "மயில்துத்தம் போடாம காய்ச்சினீங்கோன்னா எனக்கு ஒரு கிண்ணம் போதும், பைண்டர் சாகிப்" என்றார். அன்றிலிருந்து இரண்டு சட்டியில் காய்ச்சினேன், புத்தகத்துக்கு நீலம், அவருக்கு வெள்ளை. தங்குவதற்கு என் வீட்டுப் பின்னறையைக் கொடுத்தேன். தவறு என்னுடையது, விருந்தாளியும் என்னுடையவர்.

பள்ளிவாசலையும் கிதாப்கானாவையும் நிர்வகிக்கும் முத்தவல்லி சாகிப் மட்டும் முதலில் யோசித்தார். "இப்படி ஒருத்தரைக் கூப்பிட்டு எழுதுறது மார்க்கத்துல இல்லாத வழக்கம்" என்றார். பிறகு, "ஆனா எழுதினவங்க செத்துப் போயிட்டாங்க. இவரு வெயில்ல நடந்து வந்துருக்காரு. இவர் மேல நாம என்ன கோபப்படுறது?" என்று சொல்லி, வடக்கு ஜன்னலோரம் ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

அவர் வந்த வாரத்திலேயே கிதாப்கானாவையும் எங்கள் தெருவையும் விட்டுக் கரையான் போயிற்று. அதற்கு அடுத்த வாரம் அரிசி மண்டிக்காரர் வந்து, மூட்டைகளுக்கு நடுவில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போகச் சொல்லி அழைத்துப் போனார், வண்டு போயிற்று. தோல் ஷெட் முதலாளி கிடங்குக்கு அழைத்துப் போனார். கோயில் தர்மகர்த்தா வந்து மூன்று தலைமுறைத் தேரைக் கரையான் அரித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல, கபீகஜ் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தர்மகர்த்தா மாலை போட்டார், அவர் மாலையை வாங்கிக்கொண்டு கிதாப்கானாவுக்கு வந்து அதில் தேனீ இருக்கிறதா என்று பூப்பூவாகப் பிரித்துப் பார்த்தார். தாலுகா ஆபீசில் பழைய பத்திரங்கள் இருக்கும் அறையில் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். கல்யாணப் பட்டுப்புடவைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். எந்தக் கிழமை யாருக்கு என்று கவுஸ் பாய் தன் கடைச் சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்தார், ஊர் அதை ரேஷன் கடை நேரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு போயிற்று.

என் வீட்டில், மரப்பெட்டிக்குள் இருந்த மண்புற்று தானாகவே உதிர்ந்து தூளாகக் கிடந்தது. நோட்டை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தேன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அது திறந்த வெளியில் கிடந்தது. எதிர்வீட்டுப் பட்டம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "யோவ் தணிகாசலம், அந்த நோட்டுல என் இடுப்பு இன்னும் இருபத்தெட்டா கீது. பூச்சி கீச்சி தின்னாம பாத்துக்கோ. வேற எங்கயும் அதுக்கு சாட்சி இல்ல" என்றாள்.

பின்னறையிலிருந்து கபீகஜ் எட்டிப் பார்த்து, "நான் கீறவரைக்கும் உங்க இடுப்புக்கு ஒண்ணும் ஆகாது, பஹன்" என்று தங்கையிடம் சொல்வது போலச் சொன்னார். பட்டம்மாள் சிரித்துச் சிரித்துக் குடத்தைக் கீழே போட்டாள்.

இப்படிப் புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று, மழை வந்தது, ஈசல் வரவில்லை. கார்த்திகை விளக்குகளைச் சுற்றி ஒரு விட்டில் இல்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்கழியில்தான் பெண்கள் முதலில் முணுமுணுத்தார்கள், ஏனென்றால் வாசலில் போட்ட அரிசிமாக் கோலம் மறுநாள் விடியற்காலையிலும் போட்டது போட்டபடி கிடந்தது. தின்ன ஓர் எறும்பு இல்லை. "நேத்து கோலத்தை நானே கூட்டித் தள்ள வேண்டியிருக்குது" என்றாள் பட்டம்மாள். "யாரும் சாப்பிடாத வீட்ல பந்தி போட்ட மாதிரி கீது." சிட்டுக்குருவிகள் தின்ன ஒன்றுமில்லாமல் ஆற்காட்டுப் பக்கம் பறந்து போய்விட்டன. தை மாதம் மாந்தோப்புகள் பூத்துக் குலுங்கின, தேனீ வரவில்லை, பூ அப்படியே கருகிக் கொட்டியது. தோப்புக்காரர்கள் கிதாப்கானா வாசல் வரை வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் பசைக் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் என் வாசல்படியில் குனிந்து ஒரு சுவர் வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கே ஒரு புத்து இருந்துச்சு இல்லே, பைண்டர் சாகிப்?"

"இருந்தது. நீங்க வந்தப்புறம் போயிடுச்சு."

"எனக்கு மரியாதை. அதனாலே போயிட்டாங்கோ." வெடிப்பின் ஓரத்தை விரலால் தடவினார். "புத்தகத்துக்குள்ளே பேரா இருந்தப்போ வருவாங்கோ, பக்கத்திலே வந்து பாத்துட்டுப் போவாங்கோ. ஏட்டோரத்திலே அவங்க காலு சத்தம் கேக்கும். இப்போ நான் உடம்போட உக்காந்துகிட்டேன், ஏழு மாசமா என் ஜனங்க ஒருத்தரையும் நான் பாக்கலே."

நான் நோட்டைப் பார்த்தேன். அவர் துக்கம் எனக்குப் புரிந்தது, ஆனால் அவர் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

தை முடியும்போது பட்டியலை வாங்கிச் சேர்க்கும் அலுவலகத்திலிருந்து டீச்சருக்குக் கடிதம் வந்தது. ஆயிரத்து அறுநூற்று எண்பதிலிருந்து ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு வரை, இருநூற்றுப் பத்து வருஷம் புத்தகம் வாங்கிக்கொண்டிருந்த இந்த மனிதர் யார் என்று கேட்டிருந்தார்கள். ஆள் என்ற பதிவு உண்மையில் பிறந்து வாழ்ந்த மனிதர்களுக்கு மட்டும். தெய்வம், பூதம், கதையில் வருபவர், பெயரளவில் இருப்பவர் யாருக்கும் அந்தப் பதிவு கிடையாது என்று புது முறையின் விதியை எடுத்து எழுதியிருந்தார்கள். மாசி முடிவதற்குள் திருத்தாவிட்டால் பட்டியல் தள்ளுபடி ஆகும். பட்டியல் இல்லாத புத்தகங்களைத் தங்கள் கிடங்குக்கு எடுத்துப் போவார்கள்.

கிதாப்கானாவில் ஊர் கூடியது. தாலுகா ஆபீஸ்காரர், இவருக்கு ஒரு ஆதார் வாங்கிக் கொடுத்துவிட்டால் பிறந்து வாழ்ந்தவர் ஆகிவிடுவாரே என்றார். கவுஸ் பாய், "பொறந்த தேதி இன்னா போடுவே? கை ரேகை வைக்கச் சொன்னா பச்சையா வருது" என்றார். தர்மகர்த்தா தேரை நினைத்து இருக்கட்டும் என்றார், தோப்புக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீச்சர் எல்லாரையும் கேட்டுவிட்டு, "வேற ஏதாவது கட்டத்துல அவரை ஆளா வெச்சுக்க முடியுமான்னு ரெண்டு நாளாத் தேடிட்டேன். எழுதினவர் இல்ல, உடையவர் இல்ல. கூப்பிடப்பட்டவர்னு ஒரு கட்டம் இல்ல" என்றார்.

"இருக்க வேணாம்மா" என்றார் கபீகஜ். அவர் எழுந்து நின்றார். "நான் எதுக்கும் சொந்தக்காரன் இல்லே. என்னைக் கூப்பிட்டாங்கோ, அவ்வளவுதான். பிரதியிலே ஒரு குறிப்பா எழுதிடுங்கோ. யார் கை போட்டுச்சோ அதே கை எடுக்கட்டும்." என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

இருபத்து நாலு நாள் ஆயிற்று. ஒரு நாளைக்கு இருபத்தைந்து, இருபத்தாறு. புத்தகத்தை அவரே அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் முதல் ஏட்டைத் திறந்து வைப்பார். நான் உடையவர் கட்டத்திலிருந்து அவரை எடுத்துவிட்டு, பிரதியின் குறிப்பில், முதல் ஏட்டின் மேல் ஓரத்தில் பூச்சி அரிக்காதிருக்க எழுதிய பெயர் உண்டு என்று தட்டுவேன். தட்டி முடித்ததும் வெற்று ஏட்டில் மை மெல்ல ஊறி வந்து பழைய எழுத்தாக நிற்கும். அவர் அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போவார். நூறு தாண்டியபோது பச்சிலை வாசனை குறைந்தது. முந்நூறு தாண்டியபோது அவர் உட்கார்ந்தால் நாற்காலி கிறீச்சிடவில்லை. நானூற்றுப் பதினெட்டாவது புத்தகத்தை அவர் மேஜையில் வைத்தபோது ஒரு கட்டெறும்பு மேஜை விளிம்பில் ஏறி, நின்று, மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டு, அவர் சுண்டு விரலில் ஏறியது. அவர் அன்று அதற்குப் பிறகு ஒரு புத்தகமும் எடுக்கவில்லை. கையை அசைக்காமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். டீச்சர் மின்விசிறியை நிறுத்தினார்.

கடைசிப் புத்தகம் குதிரை வைத்தியம் பற்றிய சின்ன நூல். வெள்ளிக்கிழமையே அது என் மேஜைக்கு வந்துவிட்டது. நான் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

சனிக்கிழமை டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். "ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்னு நெனைக்கிறீங்களா அண்ணா?"

"ஆமாம்மா."

"ஒண்ணு இருந்தாலும் பட்டியல் திரும்பி வந்துடும்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார். என்னை அவசரப்படுத்தக் கூடாது என்று போனார்.

"இன்னும் ஒண்ணு இருக்குது, பைண்டர் சாகிப்" என்றார் கபீகஜ் ஜன்னலோரத்திலிருந்து.

"சாப்பிட்டு வந்து பாத்துக்கலாம்."

"நேத்தும் அதேதான் சொன்னீங்கோ." பசையை விரலால் வழித்தார். "பையிலே நோட்டு இருக்குது இல்லே? எடுங்கோ."

அன்று காலை நான் நோட்டை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று எனக்கே தெளிவில்லை. அவர் முன்னால் வைத்தேன்.

"முந்நூறு வருஷம் என் பேருதான் காவல் இருந்துச்சு. நான் இல்லே. நான் வந்துதான் எல்லாத்தையும் கெடுத்தேன். இதுலயும் பேரு போதும்."

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க சாகிப்."

"நான் எழுதினா அது கையெழுத்து. கூப்பிடுறவன் எழுதணும்."

நான் அதுவரை அந்த எழுத்துக்களைப் படித்திருக்கிறேனே தவிர ஒரு நாளும் எழுதியதில்லை. பேனாவை எடுத்து, நோட்டில் மிஞ்சியிருந்த முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில், வலமிருந்து இடமாக, கோணல் மாணலாக, அவரைக் கூப்பிட்டு எழுதினேன். புள்ளிகள் தள்ளித் தள்ளி விழுந்தன.

"சரியா இருக்கா?"

அவர் வெகுநேரம் பார்த்தார். "எனக்குப் புரியுது" என்றார்.

பிறகு நான் மேஜைக்குத் திரும்பி, குதிரை வைத்தியத்தின் முதல் ஏட்டைத் திறந்து, உடையவர் கட்டத்தைக் காலி செய்து, குறிப்பைத் தட்டினேன். ஏட்டில் மை ஊறி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தியபோது நாற்காலியில் கிண்ணம் மட்டும் இருந்தது. அதன் விளிம்பைச் சுற்றி நாற்பது ஐம்பது எறும்புகள் பசையைத் தின்றுகொண்டிருந்தன. மதிய பாங்கு சொல்லும் வரை நான் அதை அங்கிருந்து எடுக்கவில்லை.

பட்டியலை ஏற்றுக்கொண்டார்கள். டீச்சர் பங்குனியில் ஊருக்குப் போனார். அந்த வருஷம் மாங்காய் இல்லை, அடுத்த வருஷம் கிளை ஒடியக் காய்த்தது. கரையான் திரும்பி வந்து முதலில் வடக்கு ஜன்னலோர நாற்காலியின் நாலு கால்களையும் தின்றது. பிறகு என் வாசல் நிலையை, கட்டிலை, பூங்காவனத்தின் தையல் மிஷின் மேஜையைத் தின்றது. கிதாப்கானாவில் புத்தகங்கள் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டும் இருக்கின்றன.

இது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. நோட்டில் அப்போது இருந்த நூற்று அறுபத்திரண்டு பக்கங்கள் இப்போதும் இருக்கின்றன. பட்டம்மாளின் இடுப்பு இருபத்தெட்டு இருக்கிறது. பூங்காவனம் தன் சொந்த அளவை எழுதியிருந்த பக்கத்தைக் கபீகஜ் வருவதற்கு முன்பே கரையான் தின்றிருந்தது. அதில் மிஞ்சியிருப்பது கடைசி வரி: கை நீளம், ஒன்பது அங்குலம்.